வீட்டுக்கும் வார்டுக்கும் நடுவே ஓர் இடம்

அனைவருக்கும் வணக்கம்.

ஒருவருக்குத் தூக்கம் போய் நாலு நாளாகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தன்னைப் பற்றியே பேசுவது காதில் விழுகிறது. அல்லது குரல் எதுவும் இல்லை, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு மட்டும் விடாமல் ஓடுகிறது. இரவு பதினொரு மணி. அவர் எங்கே போவார்?

நம்மிடம் இருக்கும் பதில் இரண்டுதான். வீட்டிலேயே இரு, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போ. வீட்டில் இருக்க முடியாமல்தானே நெருக்கடியே வந்திருக்கிறது. வீட்டாரும் அதற்குள் அரண்டுபோயிருப்பார்கள். ஆஸ்பத்திரி என்றால் பல இடங்களில் பூட்டிய வார்டு, ஊசி, ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும் ஒரு நோயின் பெயர். இரண்டுக்கும் நடுவே தலைசாய்க்க ஓர் இடம் சில ஊர்களில் இருந்திருக்கிறது, இன்றும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தில் கேல் என்றொரு ஊர். மனம் கலங்கியவர்களை அந்த ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் இடைக்காலத்திலிருந்தே அங்கே உண்டு. 1930களின் இறுதியில் அப்படி 3,700 பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களை நோயாளி என்று சொல்வதில்லை, வீட்டோடு தங்கியிருப்பவர் என்றுதான் சொல்வார்கள். வயலுக்குப் போவார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அது நீண்ட கால ஏற்பாடு. நான் சொல்ல வருவது, தீப்பிடித்த அந்தச் சில நாட்களை எங்கே கழிப்பது என்பது.

அதற்கு முக்கியமான சோதனை 1971-ல் அமெரிக்காவின் சான் ஹோஸே நகரில் நடந்தது. லோரன் மோஷர் என்ற மனநல மருத்துவர், அரசின் தேசிய மனநல நிறுவனத்தில் ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர், சொட்டேரியா என்று ஒரு வீட்டைத் தொடங்கினார். அமைப்புக்குள்ளேயே உயர்ந்த நாற்காலியில் இருந்தவர் செய்த காரியம் என்பதைக் கவனியுங்கள். அங்கே தங்கியவர்கள், முதன்முறையாக மனப்பிறழ்வு வந்த, அதாவது இல்லாத குரல் கேட்கும், இல்லாததை நம்பும் நிலைக்குப் போன இளைஞர்கள், ஒரு நேரத்தில் ஆறு பேர் அளவுக்கு. கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவப் படிப்பு படிக்காத சாதாரண ஆட்கள். எட்டு மணி நேர ட்யூட்டி கிடையாது. ஒன்றிரண்டு நாள் தொடர்ந்து அங்கேயே தங்குவார்கள். சமையல், கூட்டிப்பெருக்குவது எல்லாம் எல்லோருக்கும் பொது. முதல் ஆறு வாரம் மனப்பிறழ்வு மருந்து பொதுவாகக் கொடுப்பதில்லை. அவர்கள் செய்ததாகச் சொன்னது ஒன்றே ஒன்று: கூட இருந்தோம்.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ராத்திரி மூன்று மணிக்கு ஒருவர் உங்களைப் பார்த்து, நீதான் என்னைக் கொல்ல வந்தவன் என்று சொல்லும்போது, வாதாடாமல், ஆமாம் போடாமல், எழுந்தும் போகாமல் உட்கார்ந்து பாருங்கள். அப்போது தெரியும்.

1984-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் லூக் சியாம்பி என்ற மருத்துவர் இதே பெயரில் ஒரு வீடு தொடங்கினார். அங்கே மென்மை அறை என்று ஒன்று உண்டு. தரையில் மெத்தை, திண்டுகள், கண்ணைக் குத்தாத வெளிச்சம், வேறு பெரிதாக எதுவும் இல்லை. கடும் நெருக்கடியில் வருபவரோடு அந்த அறையில் ஒருவர் பகலும் இரவும் மாறி மாறி இருப்பார். பேசினால் கேட்பார், பேசாவிட்டால் சும்மா இருப்பார். இங்கே மருந்தை ஒதுக்கவில்லை, குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். கொஞ்சம் தெளிந்ததும் அவருக்குக் கிடைப்பது அடுக்களையில் ஒரு வேலை. காய் நறுக்கு, அரிசியைப் பார்த்துக்கொள் என்கிற மாதிரி. மனம் சிதறியவருக்கு உலகத்தைத் திரும்பக் கையில் கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. வார்டில் எல்லாமே தட்டில் வந்துவிடும், நமக்கென்று செய்ய ஒன்றும் இருக்காது.

எல்லாமே மாதக்கணக்கில் தங்கும் இடங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டயல் ஹவுஸ் 1999-ல் திறந்தது. நடத்துபவர்கள் தாங்களே நெருக்கடியைக் கடந்து வந்தவர்கள். அது சாயங்காலம் திறந்து நடுராத்திரி தாண்டி மூடும், அதாவது மற்ற அலுவலகங்கள் எல்லாம் பூட்டிய பிறகு. ஃபோன் செய்தால் டாக்ஸி அனுப்புவார்கள். குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று தவிக்கும் தாய், குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரலாம். இந்த இரண்டு ஏற்பாடுகளும் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து யோசிப்பவருக்குத் தோன்றாது, பட்டவருக்குத்தான் தோன்றும். லண்டனில் 2002-ல் வந்த மேட்ரீ, தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்களுக்கானது. நாலு இரவு, இலவசம், ஒருவருக்கு ஒரு தடவைதான். மறுபடி வர முடியாது என்பது முதலில் எனக்குக் கொடுமையாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த நாலு நாளும் முழுக் கவனத்தோடு நடக்கும் என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012-ல் தொடங்கிய அஃபியா வீட்டில் மூன்று படுக்கையறைகள். ஏழு இரவு வரை தங்கலாம், இஷ்டம்போல் வெளியே போய் வரலாம். தங்கள் மாத்திரையைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இதையும், பெர்ன் வீட்டையும் சேர்த்திருக்கிறது.

சரி, பலன் உண்டா? சான் ஹோஸேயில் சேர்ந்தவர்களை ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது சொட்டேரியா வீட்டில் இருந்தவர்கள் மோசமாகப் போய்விடவில்லை, சில விஷயங்களில் மேலாகவே இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் அந்த இரண்டு ஆண்டும் மனப்பிறழ்வு மருந்தே எடுக்கவில்லை. குறையும் உண்டு: சிறிய ஆய்வு, முதலில் சேர்ந்த குழுவைக் குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. ஆகவே இதை வைத்துக்கொண்டு, மருந்தே வேண்டாம் என்று யாராவது மேடையில் முழங்கினால் நம்பாதீர்கள். மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. பிறரைத் தாக்கும் நிலையில் இருப்பவருக்கும், உடல்நிலையும் சேர்ந்து கெட்டவருக்கும் இந்த வீடுகள் போதாது, ஆஸ்பத்திரிதான் வேண்டும்.

அப்புறம் பணம். சான் ஹோஸே வீடு பண உதவி நின்று 1983-ல் மூடப்பட்டது. ஜெருசலேமில் 2016-ல் ஒரு சொட்டேரியா வந்தது. அதைப் பார்த்து அந்த நாட்டில் இப்படிப்பட்ட வீடுகள் பல வந்தன, மருத்துவக் காப்பீட்டு நிதியங்களே செலவை ஏற்றன. நல்ல மனசு வீட்டைத் திறக்கும், மாதச் சம்பளம்தான் அதைத் திறந்தே வைத்திருக்கும். இன்னொரு ஆபத்து வளர்ச்சி. ஆறு பேர் இருபது பேரானால் ரிஜிஸ்டர் வரும், ரவுண்ட்ஸ் வரும், ராத்திரிக்குக் கேட் பூட்ட ஒரு காரணமும் வந்துவிடும்.

உங்களில் யாராவது இப்படி ஒன்று தொடங்க நினைத்தால், கட்டடம் பார்ப்பதற்கு முன் இரவில் விழித்திருக்கப் போகிறவர்களைப் பாருங்கள். அவர்கள் களைத்துப்போகும்போது யாரிடம் பேசுவார்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். கூப்பிட்டால் வரும் ஒரு மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அக்கம்பக்கத்தாருக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். வதந்தியாகத் தெரிந்தால் எதிர்ப்பு மனு எழுதிவிடுவார்கள்.

நான் முடித்துக்கொள்கிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.