பூட்டுக்குச் சேதி போக வேண்டும்

புதுவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கார் வேலை பார்த்து வருகிறேன். இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது பழைய காரின் கதவுப் பூட்டு. இன்ஜினில் சின்னதாக ஒரு சத்தம் வந்தால் அன்றைக்கே பட்டறைக்கு வந்துவிடுகிறோம். கதவு சரியாகப் பூட்டவில்லை என்றால் மட்டும், ஓங்கி அறைந்து சாத்திக்கொண்டு மாசக்கணக்கில் ஓட்டுகிறோம். கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஓடும் வண்டிகளையும் பார்க்கிறேன். அப்படிக் கட்டிய கதவை ஒரு ஆபத்து நேரத்தில் யார் அவிழ்ப்பது?

ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் வேலை கற்றுக்கொண்டிருந்த காலம். திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் முகூர்த்த நாள் என்றால் எப்படி இருக்கும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். மலையடிவாரத்தில் நிற்க இடம் இருக்காது. அப்படி ஒரு வைகாசி முகூர்த்தத்தில், பெண்ணழைத்து வர ஒரு அம்பாசடர். என் முதலாளி ஓட்டினார், நான் முன்னால் அவர் பக்கத்தில். பின்னால் கல்யாணப் பெண், அவள் அம்மா, அத்தை.

கோயில் வாசலில் நிறுத்தினால் இடது பக்கப் பின்கதவு திறக்கவில்லை. வலது பக்கம் ஒரு வேன் ஒட்டி நிற்கிறது. அந்தக் கதவு ஒரு சாண்கூடத் திறக்காது. வேன்காரர் கோயிலுக்குள் போய்விட்டார். முன்சீட்டு பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும், பட்டுப்புடவையோடு அதைத் தாண்டி வர முடியுமா? உள்ளே அந்தப் பெண்ணுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. வெளியே மாமன்மார் ஆளுக்கு ஒரு பக்கம் கைப்பிடியை இழுக்கிறார்கள், கதவைக் குத்துகிறார்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் கால் மணி நேரம்தான்.

முதலாளி பதறவில்லை. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். நான் அப்போது ஒல்லி. ஜன்னல் வழியாக அரை உடம்பை உள்ளே விட்டு, ஸ்க்ரூ டிரைவரால் கதவின் உள்பலகையைக் கழற்றினேன். உள்ளே கைவிட்டால் ஒரு கம்பி, முனை கழன்று தொங்குகிறது. பூட்டின் நாக்கை விரலால் தள்ளினேன். டக்கென்று திறந்துகொண்டது. தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது.

சாயங்காலம் பட்டறையில் அதைப் பிரித்துப் போட்டு முதலாளி சொன்னார்: “பூட்டு நல்லாத்தான்டா இருக்கு. பூட்டுக்குச் சேதி போகலை.” விசாரித்தால், அந்த வண்டியின் வெளிக் கைப்பிடி ஒரு மாசமாகவே வேலை செய்யவில்லையாம். கண்ணாடியை இறக்கி, உள்ளே கைவிட்டுத் திறந்துகொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்த உள்கம்பியும் அன்றைக்குக் கழன்றது. அவ்வளவுதான் விஷயம்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் ‘பூட்டு போச்சு’ என்று வந்த கதவுகளில் பெரும்பாலானவற்றில் பூட்டு போகவில்லை. கைப்பிடிக்கும் பூட்டுக்கும் நடுவில் இருக்கும் கம்பி கழன்றிருக்கும். கம்பியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் காய்ந்து உடைந்திருக்கும். இல்லையென்றால் பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி இறுகியிருக்கும். அம்பாசடரும் சரி, மாருதி 800-ம் சரி, இரண்டுமே 2014-ல் உற்பத்தி நின்ற வண்டிகள். நல்ல பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அதே தரத்தில் இன்னொன்றைத் தேடி அலையாதீர்கள்.

பூட்டு எப்படிப் பிடிக்கிறது? இடது கையில் ஒரு விரலை நீட்டுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் வேண்டாம், வீட்டில் இருப்பவர்கள் செய்து பாருங்கள். அந்த விரல்தான் கதவுத் தூணில் இருக்கும் முளை. வலது கை ஆள்காட்டி விரலைக் கொக்கி மாதிரி வளைத்து அதில் மாட்டுங்கள். அந்தக் கொக்கி கதவில் இருக்கிறது. கைப்பிடியை இழுத்தால் கம்பி வழியாகச் சேதி போய்க் கொக்கி விடும்.

இப்போது சொல்வதை மறக்காதீர்கள். எதைச் சரிபார்ப்பதானாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே செய்யுங்கள். திறந்த கதவின் ஓரத்தில் அந்தக் கொக்கி தெரியும். ஸ்க்ரூ டிரைவரால் அதை அழுத்தினால் இரண்டு முறை ‘டக், டக்’ என்று சத்தம் கேட்கும். முதல் சத்தம் அரைப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. பிறகு வெளிக் கைப்பிடியை இழுங்கள். கொக்கி விடுகிறதா? மறுபடி பூட்டுங்கள், உள்கைப்பிடியை இழுங்கள். விடுகிறதா? இரண்டிலும் விட்டால்தான் கதவைச் சாத்த வேண்டும். வேலை முடிந்ததும் இதே சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். அவசரப்பட்டுச் சாத்திவிட்டு, திறக்க முடியாமல் வந்தவர்கள் நிறையப் பேர். சாத்திய கதவில் உள்பலகையைக் கழற்றுவது பெரும்பாடு. திருவந்திபுரத்தில் நான் பட்ட பாடு அதுதான்.

சரி, சுத்தம் செய்வது. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். இரண்டு நாள் வழுக்கும், அப்புறம் தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். பழைய பல் துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் தொட்டுக் கொக்கியைத் தேய்த்து, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, வெள்ளை கிரீஸ் கொஞ்சமாக வையுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. சாவித் துவாரத்துக்குள் எண்ணெயே வேண்டாம். பென்சில் முனையைச் சாவியின் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு விட்டு எடுங்கள். அந்தக் கரித்தூளே போதும்.

உள்பலகையைக் கழற்றக் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியை எடுக்க வேண்டும். மாருதி 800-ல் அதன் பின்னால் ஒரு கம்பி வளையம் பிடித்திருக்கும். நெம்பினால் உடையும். பழைய வேட்டித் துணியைக் கைப்பிடிக்குப் பின்னால் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து முதுகு தேய்ப்பது போல இழுங்கள். வளையம் தெறித்து வரும். எங்கே விழுகிறது என்று ஒரு கண் வைத்திருங்கள்.

நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினமோ புதுவைக் கடற்கரைச் சாலையோ, உப்பு காற்றிலேயே வருகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழைத்தண்ணீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வடியக் கதவின் அடியில் ஓட்டைகள் உண்டு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு வந்த மாசங்களில் நான் பிரித்த கதவுகளில் பாதிக்கு மேல் அந்த ஓட்டைகள் மண்ணால் அடைத்திருந்தன. தண்ணீர் உள்ளேயே நின்று, கம்பி, பூட்டு எல்லாம் துரு. ஐப்பசி பிறக்கும் முன் ஒரு ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள்.

கீல் தேய்ந்து கதவு தொங்குவதைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரம் ஆயிற்று என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: திறந்த கதவின் நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள், ஆடினால் கீலைப் பாருங்கள், பூட்டை அல்ல. பின்கதவு உள்ளிருந்து மட்டும் திறக்காவிட்டால், ஓரத்தில் குழந்தைப் பூட்டுக்கான சின்ன விசை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நகல் சாவி எடுப்பவர்கள், தேய்ந்த சாவியைக் கொடுக்காமல் பீரோவில் சும்மா கிடக்கும் இரண்டாவது சாவியைக் கொடுங்கள்.

வணக்கம்.