பெல்லின் நீலச் சட்டை: உள்ளே இருந்து தைப்போம்

[காட்சி: தையல் மேசை. மங்கலான நீலத் துணி, வெள்ளைத் துணி, குண்டூசிப் பெட்டி.]

வணக்கம். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் வினோத உடை என்று வந்தால் எங்கள் மட்டக்களப்பில் நடப்பது தெரிந்ததுதான். போனில் படத்தைக் காட்டி, காத்தான்குடிப் புடவைக்கடையில் பளபளக்கிற சாட்டின் துணி வாங்கி, முதுகில் ஒரு சிப் வைத்துத் தைத்தால் பிள்ளை இளவரசி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்கு நாங்கள் போவது வேறு வழி. 1991இல் வந்த டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்து நாயகி பெல், உண்மையிலேயே பிரான்ஸில் ஒரு சிற்றூரில் வாழ்ந்திருந்தால் என்ன உடுத்தியிருப்பாள்? அதைத்தான் தைக்கப் போகிறோம்.

முதலில் ஆண்டு. படம் ஆண்டைச் சொல்லவில்லை. இந்தக் கதையைப் பிரெஞ்சு எழுத்தாளர் வில்நெவ் அம்மையார் அச்சில் கொண்டுவந்தது 1740இல். அதனால் 1740களையே எங்கள் காலமாக வைத்துக்கொள்வோம். மட்டக்களப்புக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம் அது.

[காட்சி: மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, சோக்கால் கோடு போடும் கை.]

எல்லாரும் நீலத் துணியில்தான் தொடங்குவார்கள். அந்தக் காலத்து உடுப்போ உள்ளே இருந்து வெளியே கட்டப்படுவது. உள்ளே இருப்பது சரியில்லாவிட்டால், வெளியே எவ்வளவு விலையான துணி போட்டாலும் இந்தக் காலத்துப் பிள்ளை வேஷம் கட்டின மாதிரித்தான் இருக்கும்.

உடம்போடு ஒட்டி முதலில் வருவது முழங்கால் அளவுக்குத் தொங்கும் ஒரு வெள்ளை உள்சட்டை. அங்கே அதை லினனில் தைத்தார்கள். ஆளிச் செடியின் நாரில் நெய்த துணி அது. இங்கே லினன் கையைக் கடிக்கும் விலை. மருதமுனையில் நெய்த வெள்ளைப் பருத்தி கிடைத்தால் அது போதும். வெட்டுவதைப் பாருங்கள்: கழுத்தைத் தவிர எங்கேயும் வளைவு கிடையாது. உடலுக்கு நீளச் சதுரம், கைக்கு இரண்டு நீளச் சதுரம், கீழே விரிவு கொடுக்க முக்கோணங்கள். கக்கத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னச் சதுரத்தைச் சாய்த்து வைக்கிறோம். அது இருந்தால்தான் கையை மேலே தூக்கும்போது சட்டை இழுபடாது. கத்தரித்து முடிந்த பிறகு மேசையில் துண்டு துணி மிஞ்சினால் எங்கோ கணக்குப் பிழை. அந்தக் காலத்தில் துணிதான் விலை, தையல் கூலி மலிவு.

அடுத்தது கச்சு. இதைப் பற்றி நிறையக் கட்டுக்கதை உண்டு, மூச்சு முட்ட இறுக்குவது என்று. அதன் வேலை இடுப்பை நசுக்குவதல்ல. மார்பைத் தாங்கி, உடம்பை மேலே அகன்று கீழே ஒடுங்கிய வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான். தடித்த துணியை இரண்டு மடிப்பாக வைத்து, விரல் அகலத்துக்கும் குறைவான ஓடைகளாகத் தைத்து, உள்ளே திமிங்கிலத்தின் வாயில் இருந்து எடுக்கும் வளையக்கூடிய தகடுகளைச் செருகினார்கள். மலிவான கச்சுக்கு நாணல், பிரம்பு. எங்களுக்கு அதுவே வசதி. பிரம்பை மெல்லியதாகக் கீறி, நுனியை உரசி மழுப்பிவிட்டுச் செருகுங்கள், குத்தாது. ஹாட்வெயார் கடையில் வாங்கும் அகலமான கேபிள் டையும் நல்லாகவே நிற்கும். கயிறு போகும் ஓட்டைகளுக்கு இரும்பு வளையம் அடிக்க வேண்டாம், அது 19ஆம் நூற்றாண்டில் வந்தது. கூரான குச்சியால் நூலை விலக்கித் துளை போட்டு, சுற்றிவர நூலால் கட்டித் தையுங்கள். ஒரே கயிறுதான், கீழிருந்து மேலே சுற்றிச் சுற்றிப் போகும்.

பக்கத்து வீட்டுத் தையல் அக்கா பார்த்துவிட்டு, "எல்லாம் சரி மனே, சிப் எங்க வைக்கப் போற?" என்றார். சிப் 20ஆம் நூற்றாண்டுச் சாமான் அக்கா. தையல் மெஷினே 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. என்னைக் கேட்டால், உள்ளே மறையும் நீளத் தையல்களை மெஷினில் அடித்துவிடலாம், கண்ணுக்குத் தெரியும் ஓரங்கள் மட்டும் கைத் தையலாக இருக்கட்டும். முழுவதும் கையால் தைப்பேன் என்று நிற்பவர்களுக்கு என் வணக்கம்.

[காட்சி: பாவாடை முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியாக.]

பாவாடைக்கு முன்பாதிக்கு ஒரு நாடா, பின்பாதிக்கு ஒரு நாடா. பின்பாதியை முன்னால் கொண்டுவந்து கட்டிவிட்டு, முன்பாதியைப் பின்னால் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். பக்கத்தில் இரண்டு பிளவுகள் திறந்திருக்கும். அதற்குள் கையை விட்டால் இடுப்பில் தனியாகக் கட்டிய துணிப்பை. பெல் எந்நேரமும் புத்தகமும் கையுமாகத் திரிகிறாளே, அந்தப் பையில் சின்னப் புத்தகம் தாராளமாகப் போகும்.

மேலுக்கு, அதே நீலத்தில் இடுப்புக்குக் கீழே இறங்கும் ஒரு மேல்சட்டை, முழங்கை வரை கை. படத்தில் அவள் தோள் வரை வெள்ளைக் கை தெரியச் சந்தைக்குள் பாடிக்கொண்டு போவாள். 1740இல் அது அரைகுறையாக உடுத்திக்கொண்டு வெளியே வந்த கோலம். கழுத்தைச் சுற்றி, முக்கோணமாக மடித்த ஒரு வெள்ளைத் துணியும் வேண்டும்.

மேல்சட்டையின் முன்பக்கத்தை மூடுவது பொத்தானல்ல, குண்டூசி. நெருங்கிப் பாருங்கள்: வலப்பக்க ஓரத்தை இடப்பக்கத்தின் மேல் வைத்து, ஊசியைக் குறுக்காக உள்ளே விட்டு, ஒருமுறை வெளியே எடுத்து, நுனியைத் திரும்பவும் துணிக்குள் புதைக்கிறேன். குத்தாதா? குத்தாது. உள்ளே கச்சு இருக்கிறதே. கச்சு இல்லாமல் இதைச் செய்தால் நாள் முழுக்க "ஆ, ஊ" தான்.

சரி, இப்போது நீலம். அந்த ஊரில் பெல் மட்டும் தனியாகத் தெரிய வேண்டும் என்றுதான் படத்தில் அவளுக்கு மட்டும் நீலம் கொடுத்தார்கள். உண்மையான பிரான்ஸில் சாதாரண சனங்கள் நிறையவே நீலம் உடுத்தினார்கள். தென் பிரான்ஸில் துலூஸ் நகரப் பக்கம் விளைந்த ஒரு செடியில் இருந்து அந்தச் சாயத்தை எடுத்தார்கள். எங்கள் பக்கத்து அவுரியில் இருப்பதும் அதே நீலம்தான், ஆனால் பல மடங்கு செறிவு. உள்நாட்டுச் சாயம் பிழைக்க வேண்டும் என்று 1609இல் நான்காம் ஹென்றி அரசர் அவுரியைத் தடைசெய்தார். மீறினால் மரண தண்டனை. 1737இல்தான் பிரெஞ்சுச் சாயக்காரருக்கு அனுமதி கிடைத்தது. ஆக, 1740இல் பெல்லின் சட்டை அவுரி நீலமாக இருக்கத் தடையில்லை. அவுரித் தொட்டியில் இருந்து தூக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக வரும், காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாக மாறும். வீட்டில் அதைச் செய்ய முடியாதவர்கள் மினுக்கம் இல்லாத மங்கல் நீலமாகப் பார்த்து வாங்குங்கள்.

பூப்போட்ட பருத்தி மட்டும் வேண்டாம். சோழமண்டலக் கரையில் இருந்து போன பூத்துணிகளுக்கு அங்கே அவ்வளவு கிராக்கி. பட்டு, கம்பளி நெசவுக்காரரின் பிழைப்புப் போகிறது என்று 1686இல் அதையும் தடைசெய்தார்கள். 1759 வரை தடை நீடித்தது. எங்கள் கரைத் துணியை அங்கே கள்ளக் கடத்தலாக உடுத்தினார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இடுப்புக்கு முன்னால் கட்டும் ஏப்ரன் படத்தில் வெள்ளை. வேலை செய்யும் பெண்கள் நீலமும் வெள்ளையும் கட்டம் போட்டதை நிறையக் கட்டினார்கள். நீலக் கட்டச் சாறத் துணி இதற்கு அளவெடுத்தது போல. தலைக்கு வெள்ளைத் தொப்பி வேண்டும், ஆனால் தலையை முழுக்க மூடினால் யாருக்கும் பெல் என்று தெரியாது. பின்னுக்குத் தள்ளி வைத்து, நீல ரிப்பனையும் கட்டிவிடுங்கள்.

படத்தில் பெல் நடனமாடும்போது உடுத்தும் மஞ்சள் கவுனைப் பற்றிக் கேட்பீர்கள். அது தனி வீடியோ. இப்போதைக்கு ஒன்று: பிரான்ஸின் லியோன் நகரத்துப் பட்டு அரை மீட்டரை விடக் கொஞ்சம் அகலமாகத்தான் நெய்யப்பட்டது. ஒரு சாரியை நீளவாக்கில் பாதியாகக் கிழித்தால் கிட்டத்தட்ட அதே அகலம். இரண்டு பழைய மஞ்சள் பட்டுச் சாரி இருந்தால் எடுத்து வையுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் குண்டூசிகளை உடனே கழற்றிவிடுங்கள். எங்கள் வாவிக் காற்றில் வியர்வைத் துணியில் ஒரு ராத்திரி கிடந்தாலே துருக்கறை ஏறும். பித்தளை ஊசி கிடைத்தால் இன்னும் நல்லது.