வெளியே உட்கார்ந்திருக்கும் நடுவர்

(திருவாரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எழுவர் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்துக்கு முதல் நாள் மாலை பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் ஒழுங்கு செய்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். நாளைக்கு இறுதியாட்டம். இன்றைக்கு ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் ஒருவரைக் கூப்பிட்டு, "நடுவர்களைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்க சார்" என்று மேடையேற்றியிருக்கிறார்கள். நாளைக்கு விசில் ஊதப்போகிறவரை இன்றைக்கே கொஞ்சம் காப்பாற்றி வைக்கலாம் என்ற எண்ணமாக இருக்கலாம். என்னால் முடிந்ததைச் செய்கிறேன்.

2024 ஜூன் 11 இரவு. உங்களில் பாதிப் பேர் அன்று தூங்கியிருக்க மாட்டீர்கள். தோஹாவில் இந்தியாவும் கத்தாரும் ஆடின. நம் கேப்டன் சேத்ரி ஓய்வு பெற்று ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஜெயித்தால் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியில் இதுவரை நாம் எட்டிப்பார்க்காத மூன்றாம் சுற்று. 37ஆவது நிமிடத்தில் சாங்டே கோல் போட்டுவிட்டார். 73ஆவது நிமிடம் வரை நாம்தான் முன்னிலை. அப்போது கத்தார் ஆட்டக்காரர் தலையால் முட்டிய பந்தை நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்தார். பந்து மெதுவாக உருண்டு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போனது. வெளியே போனதால் நம் பையன்கள் நின்றுவிட்டார்கள். கத்தார்காரர் ஒருவர் காலால் அதை உள்ளே இழுத்துவிட, முட்டியவரே வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் என்றார். 85ஆவது நிமிடத்தில் இன்னொன்று. 2-1 என்று தோற்றோம், கதை முடிந்தது.

மறுநாள் ஜூன் 12. டெல்டாக்காரனுக்கு அது என்ன தேதி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு மேட்டூரில் தண்ணீர் இல்லை, அன்றைக்கு அணை திறக்கவில்லை. காலையில் டீக்கடைக்குப் போனால் ஒரே பெஞ்சில் இரண்டு புலம்பலும் நடக்கிறது. "தண்ணியும் வரல, நியாயமும் வரல" என்றார் ஒருவர். அதற்குமேல் யாருக்கும் பேச ஒன்றும் இல்லை.

அன்றைக்கு எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "வி.ஏ.ஆர். இருந்திருந்தால்!" வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கிற உதவி நடுவர்தான் வி.ஏ.ஆர். அந்தச் சுற்றில் அது கிடையாது. இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நானும் அதைத்தான் சொன்னேன். அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒரு சந்தேகம். வீடியோ இருக்கிற ஊரிலெல்லாம் ரசிகர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்களா?

இல்லை. 2023 செப்டம்பர் 30, லண்டனில் டாட்டன்ஹாமும் லிவர்பூலும். லூயிஸ் டயஸ் கோல் அடிக்கிறார். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு, அதாவது பந்து வருவதற்கு முன்பே தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்றார், என்று கொடி தூக்கிவிட்டார். வீடியோ அறையில் பார்த்தால் ஆஃப்சைடு இல்லை, சுத்தமான கோல். ஆனால் அறையில் இருந்தவர், மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதனால், "சரிபார்த்தாயிற்று" என்று மட்டும் சொன்னார். அதற்கு அர்த்தம், மைதானத்தில் சொன்னது செல்லும் என்பது. மைதானத்தில் சொன்னதோ ஆஃப்சைடு! சில வினாடியில் அறைக்குள் ஒருவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்குள் ஆட்டம் திரும்பத் தொடங்கிவிட்டது. தொடங்கிவிட்டால் பழைய தீர்ப்பைத் திரும்பத் தொடக்கூடாது என்பது விதி. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. சில நாள் கழித்து அந்த அறையின் ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். கேட்டுப்பாருங்கள். படம் சரியாகத் தெரிந்தது, கோடு சரியாகப் போட்டார்கள், முடிவும் சரி. கெட்டுப்போனது பேச்சு மட்டும்தான்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். கால்பந்து பிறந்த காலத்தில் நடுவர் மைதானத்துக்குள்ளேயே இல்லை. கிரிக்கெட்டைப்போல இரண்டு அம்பயர்கள், அணிக்கு ஒருவராகக் கொண்டுவந்தவர்கள். ஆட்டக்காரர்கள் முறையிட்டால்தான் தீர்ப்பு. அந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாவிட்டால், வெளியே கோட்டோரம் நிற்கிற மூன்றாவது ஆளிடம் கேட்பார்கள். 'ரெஃபர்' என்றால் போய்க் கேட்பது; போய்க் கேட்கப்படுகிறவர், அதனால்தான் ரெஃப்ரி. 1891இல்தான் அவரை உள்ளே கொண்டுவந்து, தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். அம்பயர்கள் கோட்டோரம் போய் லைன்ஸ்மேன் ஆனார்கள். பெனால்டி உதை வந்ததும் அதே ஆண்டு. லிவர்பூல் ஊர் என்ஜினீயர் ஜான் அலெக்சாண்டர் பிராடி யோசித்துச் செய்த கோல் வலை பெரிய ஆட்டத்தில் கட்டப்பட்டதும் அதே ஆண்டுதான். பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்ற சண்டை தாங்க முடியாமல் வந்ததுதான் அந்த வலை.

அப்புறம் நூற்று இருபத்தேழு வருஷம் கழித்து என்ன செய்தோம்? உள்ளே வந்தவரை நம்ப முடியாமல் மறுபடியும் வெளியே ஓர் ஆளை உட்கார வைத்தோம். இந்த முறை கோட்டோரம்கூட இல்லை. எங்கோ ஓர் அறையில், திரைகளுக்கு முன்னால். கோட்டோரம் நின்றவரையாவது திட்டினால் அவர் காதில் விழும்.

தேதியைக் கவனியுங்கள். வி.ஏ.ஆரை விதிப்புத்தகத்தில் சேர்த்தது 2018 மார்ச் 3, சூரிச்சில். அதற்குப் பதினைந்து நாள் முன்னால், பிப்ரவரி 16 அன்றுதான் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னது. நடுவர் மன்றம் அமைத்தது 1990, அது இறுதி உத்தரவு போட்டது 2007, உச்ச நீதிமன்றம் முடித்தது 2018. தீர்ப்புக்குக் காத்திருப்பதைப் பற்றி ஐரோப்பாக்காரன் நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம். வி.ஏ.ஆர். பார்க்கிற நாலு நிமிடத்துக்கே அவன் குதிக்கிறான்.

கிண்டல் இருக்கட்டும், அந்த நாலு நிமிடத்தில் ஒரு விஷயம் உண்டு. கோல் என்பது ஒரே ஒரு கத்தல். கிரிக்கெட்டில் நாளெல்லாம் ரன் வரும். இங்கே தொண்ணூறு நிமிடத்தில் ஒன்றோ இரண்டோ. அந்த ஒன்றுக்குக் கத்த வாயைத் திறக்கும்போதே, "இரு, பார்க்கிறோம்" என்றால் என்ன ஆகும்? நெல் அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு ஈரப்பதம் பார்க்கிற ஆளுக்காக நிற்கிறோமே, அந்த நிலைதான். நெல் உன்னுடையது. ஆனால் இன்னும் உன்னுடையது இல்லை.

இவ்வளவு காத்திருந்து அளக்கிற அளவும் எப்படிப்பட்டது? டிவி கேமரா வினாடிக்கு ஐம்பது படம் எடுக்கிறது என்று வையுங்கள். வினாடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் ஓடுகிறவன் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 16 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பான். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. எதிரே வருகிற தடுப்பாட்டக்காரனும் அதே வேகத்தில் ஓடினால் இரண்டு மடங்கு. பந்து காலை விட்டுப் புறப்பட்டது எந்தப் படத்தில் என்று ஆள்தான் தேர்ந்தெடுக்கிறார். அப்படித் தேர்ந்தெடுத்துவிட்டு, கட்டைவிரல் நுனி கோட்டைத் தாண்டியது என்று தீர்ப்பு! ஒரு சாண் சந்தேகத்துக்கு மேல் ஒரு நூல் கணக்கு. 2022 கத்தார் உலகக் கோப்பையில் இதைக் கொஞ்சம் சரிசெய்தார்கள். கூரையடியில் 12 கேமரா, ஓர் ஆளின் உடம்பில் 29 புள்ளி, பந்துக்குள் வினாடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் கருவி. பதினாறு சென்டிமீட்டர் ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சத்துக்கு வந்தது. நல்ல முன்னேற்றம்தான், நான் குறை சொல்லவில்லை.

ஆனால் கோபம் குறைந்ததா? 2024 ஜூலையில் நார்வேயில் ரசிகர்கள் வி.ஏ.ஆரை எதிர்த்து மைதானத்துக்குள் மீன் உருண்டையை வீசினார்கள். ரோசன்போர்க்கும் லில்லெஸ்ட்ரோமும் ஆடிய ஆட்டம், பாதியில் கைவிடப்பட்டது. (நாகப்பட்டினத்துக்காரர்கள் சிரிக்க வேண்டாம். நாம் மீனை வீணாக்க மாட்டோம் என்பது எனக்குத் தெரியும்.) ஸ்வீடனில் கிளப்புகளில் உறுப்பினர்களுக்கே பெரும்பான்மை ஓட்டு. அவர்கள் எதிர்த்ததால் அந்த நாடு வி.ஏ.ஆரை இதுவரை உள்ளே விடவே இல்லை. இங்கிலாந்தில் 2024 ஜூனில் உல்வ்ஸ் அணி அதை எடுத்துவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தது. ஓட்டு 19-1. அந்த ஒன்று அவர்களுடையதே.

இதையெல்லாம் பார்த்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ரசிகனுக்குத் தப்பான தீர்ப்புப் பழகிய விஷயம். 1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது, கோட்டைத் தாண்டியதா என்று இன்றுவரை சண்டை. கோல் என்று சொன்ன லைன்ஸ்மேன் தோஃபிக் பஹ்ராமோவ் பெயரில் பாக்கூவில் ஸ்டேடியமே இருக்கிறது. 1986இல் மரடோனா கையால் தட்டியதும் கோல் ஆனது. தப்பை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம். வாழ முடியாதது, நம் எதிரிலேயே நம்மைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருக்க, நமக்குக் கேட்காமல் இருப்பது. அரங்கில் அறுபதாயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார். வீட்டில் டிவி பார்க்கிறவனுக்குப் பத்துக் கோணத்தில் படம் வருகிறது. காசு கொடுத்து உள்ளே போனவனுக்கு, "சரிபார்ப்பு நடக்கிறது" என்று ஒரு பலகை.

கிரிக்கெட்டில் அம்பயர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்கிற டி.ஆர்.எஸ். வந்தபோது 'அம்பயர்ஸ் கால்' என்பதை எவ்வளவு திட்டினோம்! பந்து ஸ்டம்பில் படுகிறதாம், ஆனாலும் அவுட் இல்லையாம். ஆனால் மூன்றாம் அம்பயர் பேசுவதை நாமும் கேட்கிறோம். "அல்ட்ரா எட்ஜ் காட்டுங்கள், சரி, பால் டிராக்கிங் காட்டுங்கள்" என்று ஒவ்வொரு படியாக அவரோடு நாமும் போகிறோம். முடிவு பிடிக்காவிட்டாலும் வழி தெரிகிறது. கேட்கிற உரிமையும் பேட்ஸ்மேனிடமும் ஃபீல்டிங் கேப்டனிடமும் இருக்கிறது. வி.ஏ.ஆரில் கேப்டனோ கோச்சோ கேட்க முடியாது. கையால் டிவி பெட்டிபோல் வரைந்து காட்டி நடுவரை நச்சரித்தால் மஞ்சள் அட்டை.

நம்மூர்க் கதை எல்லோருக்கும் தெரியும். கோயில் அருகே கல்தேராகவே நிற்கிறது. மனுநீதிச் சோழன் மகன்மீது தேரை ஏற்றியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது தேர் அல்ல, அந்த மணி. பசு வந்து இழுக்கிற உயரத்தில் கட்டியிருந்தான். சத்தம் கேட்டதும் ராஜாவே வெளியே வந்தான். அறைக்குள்ளிருந்து, "சரிபார்த்தாயிற்று" என்று ஆள் அனுப்பவில்லை.

அந்த மணி கால்பந்துக்கும் மெல்ல வருகிறது. 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவரே மைக்கில் தீர்ப்பையும் காரணத்தையும் அரங்குக்குச் சொன்னார். ஃபிஃபா 2024இல் இன்னொன்றைச் சோதித்துப் பார்த்தது. அதில் தனி அறை இல்லை. கோச் விரலைச் சுழற்றிக் காட்டி ஓர் அட்டையை நான்காம் நடுவரிடம் கொடுப்பார், நடுவரே போய்த் திரையில் பார்ப்பார். ஆட்டத்துக்கு இரண்டு வாய்ப்பு. கேட்டது சரியென்றால் அந்த வாய்ப்புக் குறையாது. கொலம்பியாவில் நடந்த இருபது வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் அப்படித்தான் ஆடினார்கள். பத்து கேமரா வாங்க வசதியில்லாத ஊருக்கு இதுதான் பொருந்தும் என்பது என் கட்சி. நம் நாட்டுக்கும்தான்.

இதைச் சொல்லும்போது பெங்களூரு ஞாபகம் வருகிறது. 2023 மார்ச் 3, ஐ.எஸ்.எல். கால்பந்து நாக்அவுட். கூடுதல் நேரத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே சேத்ரி ஃப்ரீகிக்கை அடித்துவிட்டார். கோல். கேரளா கோச் தன் அணியையே வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாலு கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்குப் பத்து ஆட்டம் தடை. விசிலுக்குக் காத்திருக்காமல் வேகமாக அடிக்க விதியில் இடமுண்டு. ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் அது செல்லுமா என்று இன்றைக்கும் இங்கே மஞ்சள் பனியன் போட்ட தம்பி என்னிடம் சண்டைக்கு வருவான். வா தம்பி, கூட்டம் முடியட்டும்.

நேரமாகிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லி இறங்குகிறேன்.

முப்பத்தைந்து வருஷம் இருக்கும். இதே ஊர், அறுவடை முடிந்த வயல். தாளைச் செதுக்கிவிட்டு ஆடினார்கள். இரண்டு மூங்கில், வலை கிடையாது. நான்தான் விசில். கடைசி நிமிடத்தில் ஒரு பந்து கம்பத்தை ஒட்டிப் போனது. கோல் கொடுத்தேன். அந்த ஒரு கோலில் ஆட்டம் முடிந்தது. தோற்ற பக்கத்தார் என் சைக்கிளைச் சுற்றி நின்றார்கள். ஒரு வார்த்தை பேசாமல் மிதித்துக்கொண்டு போய்விட்டேன். அடுத்த வருஷம் நாகப்பட்டினத்திலிருந்து பழைய மீன்வலை வாங்கி வந்து கட்டினார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

இன்றைக்குச் சொல்கிறேன். நான் பார்க்கவில்லை. மேற்கு வெயில் கண்ணில் அடித்தது. ஒரு பக்கத்துச் சத்தம் பெரிதாகக் கேட்டது, அதை வைத்துக் கொடுத்துவிட்டேன். அன்றைய கோல்கீப்பர் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

(முன் வரிசையிலிருந்து: "வெளியதான் சார் போச்சு!")

போயிருக்கும் அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்கோர் 1-0 தான். ஆட்டம் திரும்பத் தொடங்கியாச்சு.