எந்தக் கடலிலிருந்து எத்தனை மீட்டர்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மலையின் உயரத்தைச் சொல்லும்போது 'கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கடல் ஏதோ அசையாமல் ஒரே மட்டத்தில் நிற்பது போலப் பேசுகிறோம். அலையை விடுங்கள், அது சின்ன விஷயம். சந்திரனும் சூரியனும் இழுக்க, பெரும்பாலான கரைகளில் நீர் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறது, அதுதான் ஓதம். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்கிறது. நீர் சூடானால் விரிகிறது. இதற்கெல்லாம் மேலே, சந்திரனின் பாதை 18.6 ஆண்டுகளுக்கு ஒரு முறை சுற்றி வருகிற ஓர் அசைவு உண்டு. அதையும் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டுமென்றால் ஒரே இடத்தில் 19 ஆண்டுகள் விடாமல் அளக்க வேண்டும்.

எப்படி அளந்தார்கள் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். துறைமுகச் சுவரை ஒட்டிச் செங்குத்தாக ஒரு குழாய்க் கிணறு இறக்குவார்கள். அதன் அடிப்பக்கத்தில் சின்னத் துளை ஒன்றுதான் இருக்கும். வெளியே அலை வந்து மோதினாலும், அந்தத் துளை வழியாக அவ்வளவு நீர் உள்ளே வருவதற்குள் அலை திரும்பிவிடும். ஓதம் மணிக்கணக்கில் ஏறுவது. அது மட்டும் நிதானமாக உள்ளே வரும். உள்ளே ஒரு மிதவை, மிதவையிலிருந்து ஒரு கம்பி, மேலே கடிகாரம் சுழற்றும் உருளை. உருளையில் சுற்றிய தாளில் பென்சில் கோடு வளைந்து வளைந்து போகும். இன்று மிதவைக்குப் பதில் பல இடங்களில் ரேடார் வந்துவிட்டது. கருவியின் பெயர் அன்றும் இன்றும் ஓதமானிதான்.

ஆனால் ஓதமானி இருக்கும் சுவரே மெல்லக் கீழே இறங்கினால்? கடல் ஏறுவதாகத்தான் தாள் காட்டும். அதனால் பக்கத்தில் உறுதியான இடத்தில் ஓர் உலோக ஆணியைப் பதித்து, கருவியை அவ்வப்போது அதோடு ஒப்பிடுவார்கள். என்னைக் கேட்டால், கதாநாயகன் அந்த ஆணிதான்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், நியூலின் என்றொரு மீன்பிடித் துறைமுகம். அங்கே 1915 மே முதல் 1921 ஏப்ரல் வரை கடலை அளந்து சராசரி எடுத்தார்கள். 19 ஆண்டுகள் என்று சொன்னேன் அல்லவா, அவர்கள் ஆறோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு முன் 1844இல் லிவர்பூலில் சில நாட்கள் மட்டும் அளந்து, உயரக் கணக்கு தொடங்கும் ஒரு பூஜ்யத்தை வைத்திருந்தவர்களுக்கு ஆறு ஆண்டுகள் பெரிய முன்னேற்றம்தான். அந்தச் சராசரிக்கு 4.751 மீட்டர் மேலே ஒரு பித்தளை ஆணி இருக்கிறது. பிரிட்டன் பெருநிலத்தின் உயரங்களெல்லாம் அதிலிருந்து தொடங்குகின்றன. இன்று நியூலினில் கடலின் சராசரி அந்தப் பூஜ்யத்துக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் மேலே வந்துவிட்டது. அதற்காக யாரும் மலைகளின் உயரத்தைக் குறைத்து எழுதவில்லை. கடல் நகர்ந்தது, பூஜ்யம் ஆணியோடு நின்றுவிட்டது.

ஆம்ஸ்டர்டாம் கதை இன்னும் வேடிக்கை. அங்கே 1683, 84இல் நகரத்தை ஒட்டிய நீர்நிலையில் எடுத்தது சராசரிக் கடல்மட்டம்கூட அல்ல, உயர்ஓதங்களின் சராசரி. வெள்ளத் தடுப்புக்காகக் கணித்த மட்டம் அது. மதகுகளில் பளிங்குக் கற்களைப் பதித்து அவற்றில் கோடு வெட்டி வைத்தார்கள். பிறகு 1879இல் ஜெர்மனி தன் பூஜ்யத்தை அதை வைத்தே நிர்ணயித்தது. இன்று ஐரோப்பாவின் பொது உயர முறையும் அந்த மட்டத்தைத்தான் பின்பற்றுகிறது. ஆனால் அந்த மட்டத்தைத் தந்த நீர்நிலையைக் கடலிலிருந்து எப்போதோ அடைத்துவிட்டார்கள். அங்கே இப்போது ஓதமே கிடையாது.

சுவிட்சர்லாந்துக்குக் கடல் இல்லை. பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் அளந்த மத்தியதரைக் கடலை நம்பி, ஜெனீவா ஏரியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைக்கு 373.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த நாட்டின் ஆதாரப் புள்ளி அதுதான்.

ஆக ரைன் நதியின் ஒரு கரையில் ஜெர்மனி, வட கடலை வைத்துக் கணக்கு. எதிர்க்கரையில் சுவிட்சர்லாந்து, மத்தியதரைக் கடலை வைத்துக் கணக்கு. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். லாஃபென்பர்க் என்ற இடத்தில் நதிக்குக் குறுக்கே ஒரு புதுப் பாலம். இந்த 27 சென்டிமீட்டர் பொறியாளர்களுக்குத் தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரியும். கணக்கில் அதைச் சேர்க்கவும் சேர்த்தார்கள். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள், அவ்வளவுதான். வித்தியாசம் நீங்குவதற்குப் பதில் இரண்டு மடங்காகி 54 சென்டிமீட்டர் ஆனது. 2003இல் கட்டுமானத்தின் நடுவிலேயே தெரிந்துபோனதால் சரிசெய்ய முடிந்தது.

சரி, எல்லோரும் கவனமாக அளந்தால் கடல்கள் ஒத்துப்போகுமா? போகாது. நீரோட்டம், உப்பின் அளவு, வெப்பம் எல்லாம் சேர்ந்து கடற்பரப்பை அங்கங்கே மேடும் பள்ளமுமாக வைத்திருக்கின்றன. பனாமாவின் பசிபிக் பக்கம் அட்லாண்டிக் பக்கத்தைவிட ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரம். அளந்தவர் கையில் குறையே இல்லாவிட்டாலும் இந்த வித்தியாசம் இருந்தே தீரும்.

இதை அமெரிக்கா அனுபவித்துத் தெரிந்துகொண்டது. 1929இல் அமெரிக்கா, கனடா இரண்டிலுமாக 26 ஓதமானிகளை எடுத்து, 'இங்கெல்லாம் சராசரிக் கடல்மட்டம் பூஜ்யம்' என்று கட்டிவைத்தார்கள். 26 இடங்களும் உண்மையில் ஒரே மட்டத்தில் இல்லை, ஆகவே வலையமைப்பு முழுவதும் முறுக்கிக்கொண்டது. அடுத்து 1988 முறையில், கியூபெக்கில் ரிமூஸ்கி என்ற ஒரே இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து உள்நாட்டுக்கு உயரத்தைக் கொண்டுபோவது லெவலிங் மூலம்தான். சில பத்து மீட்டர் இடைவெளியில் முன்னே ஓர் அளவுகோல், பின்னே ஓர் அளவுகோல், நடுவில் லெவல் கருவி. இரண்டு அளவுகளையும் கழித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். ஒரு கண்டத்தைக் கடக்க இதை எத்தனை முறை செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மயிரிழை பிழை. விளைவு, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒரு மீட்டர் அளவுக்குச் சாய்ந்த பூஜ்யம்.

அதனால் இப்போது, பூமியின் வடிவத்தை அளக்கும் துறையான புவியளவியல் கடற்கரையை விட்டுவிட்டு ஈர்ப்பு விசையிடம் போயிருக்கிறது. ஓதமும் நீரோட்டமும் காற்றும் இல்லாமல், ஈர்ப்புக்கும் பூமியின் சுழற்சிக்கும் மட்டும் கட்டுப்பட்டுக் கடல் நின்றால் எந்த வடிவில் நிற்குமோ, அந்தப் பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர். கண்டங்களுக்கு அடியிலும் அதைக் கற்பனையாக நீட்டிக்கொள்ளலாம். அதன் மேல் வைத்த நீர் எந்தப் பக்கமும் ஓடாது. ஆனால் வழுவழுப்பான உருண்டை என்று நினைத்துவிட வேண்டாம். பூமிக்குள் பொருள் சமமாகப் பரவியில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு, பூமியின் வடிவத்துக்கு ஈடாகக் கணிதத்தில் வைத்துக்கொள்ளும் வழுவழுப்பான நீள்வட்டக் கோளத்துக்குக் கீழே 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. நியூகினிப் பக்கம் 80 மீட்டர் போல மேடு. அந்தப் பள்ளத்தில் படகில் மிதப்பவரின் ஜிபிஎஸ் கருவி கோளத்தை வைத்துக் கணக்கிடும் மூல உயரம் மைனஸ் நூறு மீட்டரில் நிற்கும். திரையில் பூஜ்யத்தை ஒட்டிய எண்ணைப் பார்த்தால், உள்ளே ஜியாய்டு அட்டவணை ஒன்று வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

அந்த அட்டவணையைத் திருத்தமாக்கியவை செயற்கைக்கோள்கள். ஐரோப்பாவின் கோசே 2009 முதல் 2013 வரை, ஏறத்தாழ 255 கிலோமீட்டர் உயரத்தில், மெல்லிய காற்றின் தடையைச் சமாளித்துக்கொண்டே ஈர்ப்பு விசையின் மாற்றங்களை அளந்தது.

ஆனால் எந்த ஜியாய்டு? ஈர்ப்பு ஆற்றல் சமமாக இருக்கும் பரப்புகள் வெங்காயத் தோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பூஜ்யம் என்று யாராவது தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். 2015இல் சர்வதேசப் புவியளவியல் சங்கம் உலகப் பொது உயர முறைக்காக ஒரு மதிப்பைத் தேர்ந்தெடுத்தது: 62,636,853.4. அலகு, வினாடி வர்க்கத்துக்கு மீட்டர் வர்க்கம். எவரெஸ்ட் 8,848.86 மீட்டர் என்று 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் இந்த முறையில் கணக்கிட்டதுதான்.

ஆனால் சங்கம் தேர்ந்தெடுப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2012இல், அமெரிக்காவும் கனடாவும் தங்களுக்குள் பேசி 62,636,856.0 என்ற மதிப்பை எடுத்துக்கொண்டிருந்தன. 2013இல் கனடா லெவலிங் அடிப்படையைக் கைவிட்டு, அதன்மேல் தன் புதிய உயர முறையைக் கட்டியும் விட்டது. இரண்டு மதிப்புகளுக்கும் உள்ள இடைவெளியை உயரமாக மாற்றிப் பாருங்கள்: கால் மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், ஏறத்தாழ 26 சென்டிமீட்டர்.

வணக்கம்.