3,000 டாலர் ஏஆர் ரைஃபிள் இப்பவே வாங்கணுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த சந்தேகங்கள்ல ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு விரிவாப் பேசலாம்னு இருக்கேன். டெக்சஸ் ஃப்ரிஸ்கோவுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அப்படியே வாசிக்கிறேன்.

"அண்ணா, போன வருஷம் கிரீன் கார்டு வந்துடுச்சு. அதுக்கப்புறம் சில தடவை ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தேன், ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆபீஸ் நண்பர் ஒருத்தரோட பண்ணைக்குக் காட்டுப்பன்னி வேட்டைக்கும் கூப்பிட்டிருக்காங்க. நைட்ஸ் ஆர்மமென்ட் எஸ்ஆர்-15 வாங்கணும்னு 3,000 டாலர் சேர்த்து வச்சிருக்கேன். கடைக்காரரோ, ருகர் ஏஆர்-556 போதும், 800 டாலருக்குள்ள முடிஞ்சிடும்ங்கிறார். விலை கூடினதையே வாங்கிட்டா ஒரே செலவோட போயிடும்ல? பையன் அஞ்சாவது படிக்கிறான். மனைவிக்கு இது வீட்டுக்கு வர்றதுல இஷ்டமில்லை. நீங்க என்ன சொல்றீங்க?"

தம்பி, பதிலை முதல்லயே சொல்லிடுறேன். இப்போதைக்கு எஸ்ஆர்-15 வேண்டாம். கடைக்காரர் சொன்னது சரி. விலை குறைஞ்சதை எடுத்துக்கோங்கன்னு ஒரு கடைக்காரர் சொல்றார்னா, அந்தக் கடையை விட்டுடாதீங்க.

இந்த ரெண்டுமே ஏஆர்-15-ங்கிற ஒரே டிசைன்ல வந்த ரைஃபிள்தான். ஏன் வேண்டாம்னு சொல்றேன்னா, எஸ்ஆர்-15 மோசமான ரைஃபிள்னு இல்லை. ரொம்ப நல்ல ரைஃபிள். ஏஆர்-15-ஐ வடிவமைச்ச யூஜீன் ஸ்டோனர் கடைசிக் காலத்துல, 1997-ல இறக்குற வரைக்கும், ஃப்ளோரிடாவுல இந்த நைட்ஸ் கம்பெனியோடதான் வேலை பார்த்தார். தன்னோட பழைய டிசைன்ல எது தேயுது, எது உடையுதுன்னு அவருக்குத் தெரியும். அதையெல்லாம் சரி பண்ணணும்னு எடுத்த முயற்சியோட பலன்தான் அந்த ரைஃபிள். அதுக்குக் கொடுக்கிற காசுல ஏமாத்து எதுவும் இல்லை. கேள்வி என்னன்னா, அந்த வித்தியாசம் உங்க கையில இன்னிக்குத் தெரியுமா, தெரியாதாங்கிறதுதான்.

கொஞ்சம் பின்னாடி போவோம். ஏஆர்-15-ஐ உருவாக்கின ஆர்மலைட் கம்பெனி இந்த டிசைனை 1959-ல கோல்ட் கம்பெனிக்கு வித்துட்டாங்க. 1960-கள்ல இருந்து கோல்ட் இதோட செமி ஆட்டோமேட்டிக் வடிவத்தைப் பொதுமக்களுக்கு வித்தாங்க. செமி ஆட்டோமேட்டிக்னா, ட்ரிகரை ஒரு தடவை இழுத்தா ஒரு குண்டுதான் போகும், அடுத்த ரவுண்டு, அதாவது தோட்டா, தானா ஏறி நிக்கும். 1977-ல பேட்டன்ட் காலம் முடிஞ்சதும் யார் வேணாலும் செய்யலாம்னு ஆச்சு. இன்னிக்கு எத்தனையோ கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே அளவுல பாகங்களைச் செய்யுறாங்க. சுடும்போது தோட்டாவைப் பின்னால இருந்து அடைச்சுப் பிடிக்கிற பாகம் போல்ட். ஒரு கம்பெனியோட போல்ட் இன்னொரு கம்பெனி ரைஃபிள்ல உட்காரும். அதனாலதான் 800 டாலர் ரைஃபிள்கூட நம்பி வாங்குற அளவுக்குத் தரமா வருது. எஸ்ஆர்-15 இந்தப் பொது வழியில இருந்து விலகி நிக்குது. அதோட போல்ட்ல இருக்கிற பல்லெல்லாம் முனை மழுங்கி உருண்டையா இருக்கும். அப்படிச் செஞ்சா அழுத்தம் ஒரே மூலையில சேராது, சீக்கிரம் விரிசல் விடாது. ஆனா அந்த போல்ட்டுக்கு அவங்க பேரல்தான், அதாவது குண்டு போற குழல்தான், பொருந்தும். நாளைக்கு ஏதாவது தேஞ்சா, பக்கத்துக் கடையில கிடைக்கிறதை வாங்கி மாட்ட முடியாது. ஒரே செலவோட போயிடும்னு நினைக்கிறீங்க பாருங்க, இந்த இடத்துல அது அவ்வளவு சரியில்லை.

சரி, துல்லியம் எப்படி? எல்லாரும் அதுக்காகத்தான் காசு கொடுக்கிறதா நினைக்கிறாங்க. ரேஞ்சுல எம்ஓஏ, எம்ஓஏன்னு பேசிக்குவாங்க, குண்டுங்க எவ்வளவு பரவுதுன்னு சொல்ற கோண அளவு அது. ஒரு எம்ஓஏன்னா 100 கஜ தூரத்துல ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். ஒரு பெட்டி சாதாரண 55 கிரெய்ன் (கிரெய்ன்ங்கிறது குண்டோட எடை அளவு) ஃபுல் மெட்டல் ஜாக்கெட் ரவுண்டு, அதாவது உலோக உறை போட்ட குண்டு எடுத்துக்கோங்க, ரேஞ்சுல பயிற்சிக்கு எல்லாரும் சுடுறது. அதை 3,000 டாலர் ரைஃபிள்ல போட்டாலும் 100 கஜத்துல ரெண்டு மூணு அங்குலத்துக்குப் பரவத்தான் செய்யும். அந்தக் குண்டோட தரம் அவ்வளவுதான். நல்ல பேரலோட அருமை தெரியணும்னா போட்டிக்குன்னு துல்லியமாச் செய்யுற 77 கிரெய்ன் மேட்ச் ரவுண்டு வேணும். அது ஒண்ணு ஒரு டாலருக்கு மேல. அப்பவும், மூச்சை விட்டு நிறுத்தி, ட்ரிகரை நேரா பின்னால அழுத்துற கை உங்களுக்குப் பழகியிருக்கணும்.

இதை நீங்களே பார்த்துடலாம். ரேஞ்சுல வாடகைக்கு ஏஆர் கொடுப்பாங்க. மணல்பையில வச்சு, ஒரே பெட்டி ரவுண்டுல அஞ்சு அஞ்சா நாலு தாள்ல சுடுங்க. தாளைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. புதுசா சுடுறவங்க தாள்ல ஓட்டைங்க பெரும்பாலும் கீழ்ப்பக்கமா இழுத்துக்கிட்டு இருக்கும். வெடிக்கப் போகுதுன்னு உடம்பு முன்கூட்டியே பதறி, கை ரைஃபிளைக் கீழே அமுக்குது. அதை எந்த பேரலும் சரி பண்ணாது. 100 கஜத்துல காட்டுப்பன்னியோட இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் ஓர் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு, முன்னங்காலை ஒட்டி, நாம நினைக்கிறதைவிடத் தாழ்வா இருக்கும். அந்த இடத்துல அடிக்க ருகர் தாராளமாப் போதும். ஆனா வேட்டைக்குப் பயிற்சி ரவுண்டு கூடவே கூடாது. 62, 64 கிரெய்ன்ல பாண்டட் சாஃப்ட் பாயின்ட் கிடைக்கும், உள்ளே போய்ச் சிதறாம விரியுற வேட்டைக் குண்டு, அதை வாங்குங்க. பன்னிக்குத் தோள்பட்டை மேல கெட்டியா ஒரு தோல் கவசம் உண்டு. தப்பான குண்டு பட்டா அது காயத்தோட புதருக்குள்ள ஓடிப் போய் நாள்கணக்குல துடிக்கும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

அப்போ காசு எங்க போகணும்? என்னைக் கேட்டா ரவுண்டுக்குத்தான். இப்ப இந்த ரைஃபிளுக்குப் போடுற சாதாரண .223 ரவுண்டு ஒண்ணு அரை டாலர் பக்கம் வருது. மாசம் 100 ரவுண்டு சுட்டீங்கன்னா வருஷத்துக்கு 600 டாலர். ஒரு நல்ல பேரல் சாதாரணப் பழக்கத்துல 10,000 ரவுண்டுக்கு மேல தாங்கும். அந்தக் கணக்குல பார்த்தா, எட்டு வருஷத்துல 5,000 டாலர் ரவுண்டுக்கே போயிருக்கும். ரைஃபிளோட விலை இதுல சின்னப் பகுதி. உங்க 3,000-ல ரைஃபிளுக்கு 800, ரவுண்டுக்கு 1,000 ஒதுக்குங்க. ஸ்கோப்புக்கு 350, 400. ஒண்ணுல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் மாத்திக்கிற ஸ்கோப் அந்த விலைக்கே நல்லாக் கிடைக்குது, நம்ம டெக்சஸ் கம்பெனி பிரைமரி ஆர்ம்ஸ்லகூட இருக்கு. மிச்சத்துல காது பாதுகாப்பு, சேஃப், ஒரு வகுப்பு. காதுக்கு மலிவானதைத் தேடாதீங்க. இந்த ரைஃபிள் சத்தம் 160 டெசிபலைத் தொடும். போன காது திரும்ப வராது.

ட்ரிகரைப் பத்தி ஒரு வார்த்தை. 800 டாலர் ரைஃபிள்ல நிஜமாவே குறைன்னு சொல்லணும்னா அதுதான். ஆறு ஏழு பவுண்ட் இழுக்கணும், நடுவுல சொரசொரன்னு தட்டும். டெக்சஸ் லியாண்டர்ல இருக்கிற லாரூ கம்பெனியோட டூ ஸ்டேஜ் ட்ரிகர், அதாவது ரெண்டு கட்டமா இழுபடுற ட்ரிகர், 100 டாலர் சுற்றுவட்டத்துல கிடைக்கும். ரெண்டு பின்னைக் கழட்டி மாட்டுற வேலை. எஸ்ஆர்-15-ல நீங்க ரசிச்சதுல பாதி அந்த டூ ஸ்டேஜ் ட்ரிகராத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

இன்னொரு யோசனையும் இருக்கு. முதல்ல ஒரு ருகர் 10/22 வாங்குங்க. 1964-ல இருந்து வர்ற .22 ரைஃபிள், இதுவும் செமி ஆட்டோமேட்டிக்தான். விலை 300, 400-க்குள்ள. ரவுண்டு பத்து சென்ட்டுக்கும் குறைவு. புராஜெக்ட் ஆப்பிள்சீட்னு வார இறுதி வகுப்பு நாடு முழுக்க நடக்குது. பாடம் நடத்துறவங்க எல்லாம் தன்னார்வலர்கள், கட்டணமும் குறைவு. 25 மீட்டர்ல படுத்து, உட்கார்ந்து, நின்னு, தோள்வாரை கையில சுத்திக்கிட்டு எப்படிச் சுடுறதுன்னு சொல்லித் தருவாங்க. உதை இல்லாத அந்த ரைஃபிள்ல கை பழகின பிறகு ஏஆர் எடுங்க. உண்மையில என் மனசுக்குப் பிடிச்ச வழி இதுதான்.

எஸ்ஆர்-15 யாருக்குத்தான் சரி? வருஷத்துக்குப் பல ஆயிரம் ரவுண்டு சுடுறவங்க, ரெண்டு நாள் வகுப்புலயே 1,000 ரவுண்டு தீர்க்கிறவங்க, சப்ரஸர் (சத்தத்தைக் குறைக்கிற குழாய்) மாட்டி ராத்திரி முழுக்கப் பன்னி வேட்டைக்குப் போறவங்க. இவங்களுக்கு அந்த போல்ட்டும் பேரலும் காசுக்கு ஏத்த பலன் தரும். 600 கஜ சர்வீஸ் ரைஃபிள் போட்டிதான் உங்க ஆசைன்னா, அதுக்கு ஏத்த ஆயுதம் இது இல்லை, 20 அங்குல மேட்ச் பேரல் போட்ட வேற ரைஃபிள் வேணும். மத்தபடி, கையில காசு இருக்கு, நல்ல பொருளை வச்சுக்கிறதுல சந்தோஷம்னு ஒருத்தர் வாங்கினா அதுலயும் தப்பு இல்லை. வித்தா விலையும் ஓரளவு நிக்கும். ஆனா நீங்க அதுக்காகவே சேர்த்து வச்ச காசு இது. அதனாலதான் யோசிக்கச் சொல்றேன்.

இதை ஒட்டி எச்-1பி வேலை விசாவுல இருக்கிறவங்க நிறையப் பேர் கேட்கிறீங்க. உங்களுக்குச் சட்டமே வேற. நான்-இமிக்ரன்ட் விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கி வாங்கக் கூடாது, கையில எடுக்கக்கூடக் கூடாதுங்கிறதுதான் ஃபெடரல் சட்டம். அமெரிக்க வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா விலக்கு உண்டு. சனிக்கிழமை நண்பர்களோட ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கி எடுக்கிறதும் அந்தத் தடையில அடங்கும், தயவுசெஞ்சு இதைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. டெக்சஸ்ல நிலச்சொந்தக்காரர் சம்மதத்தோட தனியார் நிலத்துல பன்னி சுட 2019-ல இருந்து லைசென்ஸ் தேவையில்லை. அதைக் கேட்டுட்டு எச்-1பி-காரங்களும் எடுக்காம விட்டுடுறாங்க. மாநிலம் கேட்கலைன்னாலும் ஃபெடரல் சட்டத்துக்காக உங்களுக்கு அது கட்டாயம் வேணும். 1971 செப்டம்பர் 2 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்கன்னா ஹன்டர் எஜுகேஷன் வகுப்பும் முடிக்கணும். டெக்சஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஓட முடியும். துப்பாக்கி வீட்டுல இருக்கும்போது லைசென்ஸ் காலாவதியாச்சுன்னா, அன்னையில இருந்து அது குற்றம். ஜெயிலும் உண்டு, நாட்டை விட்டு அனுப்புறதும் உண்டு. கிரீன் கார்டுக்காரங்க எச்-1பி நண்பருக்காகத் தன் பேர்ல வாங்கிக் கொடுக்கிறதும் குற்றம்தான். துப்பாக்கி வாங்கும்போது கடையில நிரப்புற 4473 படிவத்துல, நிஜமா வாங்குறது நீங்கதானான்னு நேராவே கேள்வி இருக்கு.

ஃப்ரிஸ்கோ தம்பிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனா நம்ம ஐடி வேலையில நாளைக்கு நியூ ஜெர்சிக்கோ கலிஃபோர்னியாவுக்கோ மாத்திப் போட்டா என்ன பண்ணுவீங்க? அங்க இந்த மாதிரி ரைஃபிளுக்கு அசால்ட் வெப்பன் சட்டம் இருக்கு. இருக்கிறபடியே கொண்டு போக முடியாது. 800 டாலர் பொருளை வித்துட்டுப் போறதும் 3,000 டாலர் பொருளை அவசரத்துல விக்கிறதும் ஒண்ணில்லை.

கடைசியா உங்க வீட்டம்மா சொல்றது. அதைத் தட்டிவிடாதீங்க. 2022-ல இதே டெக்சஸ்ல, யுவால்டி பள்ளிக்கூடத்துல 19 குழந்தைகளும் 2 டீச்சர்களும் செத்தது இந்த வகை ரைஃபிளாலதான். அஞ்சாவது படிக்கிற பிள்ளையோட அம்மாவுக்கு அந்தப் பயம் இல்லாம இருக்குமா? அவங்களையும் ஒரு தடவை ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்க சுடணும்னு இல்லை, எப்படிப் பத்திரமாக் கையாளுறாங்கன்னு பார்த்தாலே போதும். டெக்சஸ்ல 17 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளை கையில தோட்டா போட்ட துப்பாக்கி எட்டுற மாதிரி அஜாக்கிரதையா வச்சு, அது பிள்ளை கையில சிக்கிட்டா, வச்சவங்க மேல கேஸ். அலமாரி மேல வைக்கிறது, படுக்கைக்கு அடியில வைக்கிறதெல்லாம் பாதுகாப்பே இல்லை. ரைஃபிள் சேஃப்ல, ரவுண்டு தனிப் பூட்டுல. நம்பர் உங்களுக்கு மட்டும் தெரியணும்னா உங்களுக்கு மட்டும், இல்லை அவங்களுக்கும் தெரியணும்னா அவங்களுக்கும். அதை அவங்களே முடிவு பண்ணட்டும். சேஃப் வந்து, சுவத்துல போல்ட் போட்டு இறுக்கி, அவங்க பார்த்துச் சரின்னு சொன்ன பிறகு கடைக்குப் போய் 4473-ஐ நிரப்புங்க.