வீடு உங்களுடையது, மணல் உங்களுடையது இல்லை: ஒரு தீவையே கட்டிப்போட்ட 1947 பத்திரம்

[திரையில்: வெள்ளை மணல், பச்சைக் கடல், வரிசையாக வீடுகள்]

கடற்கரையில் ஒரு வீடு வாங்குகிறீர்கள். விலை எக்கச்சக்கம். மாடியில் நின்றால் எதிரே கடல். வீடு உங்கள் பெயரில், கரண்ட் பில் உங்கள் பெயரில், சொத்து வரி ரசீதும் உங்கள் பெயரில். ஆனால் வீட்டுக்கு அடியில் இருக்கிற மணலில் ஒரு பிடிகூட உங்களுடையது கிடையாது.

சரி, அதையும் விலை கொடுத்து வாங்கிவிடலாம் என்று நிலத்தின் சொந்தக்காரரிடம் போனால் அவர் கையை விரிக்கிறார். விற்க ஆசைப்பட்டாலும் அவரால் விற்க முடியாது. விற்கப் போனால் நிலம் அவர் கையை விட்டே போய்விடும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பென்சகோலா நகரத்துக்கு எதிரே இருக்கிற சாண்டா ரோசா தீவில் இதுதான் நிலைமை. இந்த முடிச்சை அவிழ்க்கும் அதிகாரம் அமெரிக்கக் காங்கிரஸுக்கு மட்டும்தான் இருக்கிறது. அவிழ்ப்பதற்கு மசோதாவும் எழுதினார்கள். பெல் பட்டன் விஷயம் அப்புறம், முதலில் கதைக்குப் போவோம்.

பின்னணியை ஓட்டமாக ஓடி முடித்துவிடுகிறேன். ஏறக்குறைய 64 கிலோமீட்டர் நீளத்துக்கு நாடா மாதிரி ஒல்லியாகக் கிடக்கும் தீவு. அப்பலாச்சியன் மலைகளிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த குவார்ட்ஸ்தான் அங்கே மணல். அதனால்தான் அந்த வெள்ளை. 1931-இல் பாலம் வந்தது, கூடவே கேசினோ என்ற பெயரில் ஒரு கேளிக்கைக் கட்டிடமும் வந்தது. (கேசினோ என்றதும் சீட்டாட்டம் என்று கிளம்பிவிடாதீர்கள். உடை மாற்ற அறை, சாப்பிட இடம், நடனமாட ஒரு ஹால், அவ்வளவுதான். அது போய் எத்தனையோ வருடமாகியும் அந்த இடத்துக்குப் பெயர் இன்றும் கேசினோ பீச்.) 1939-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தீவைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். உள்ளூர்க்காரர்கள் திரும்பக் கேட்டார்கள். 1946-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. 1947 ஜனவரியில் எஸ்காம்பியா கவுண்டியின் பெயருக்குப் பத்திரம் எழுதியாகிவிட்டது. கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரி என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள் நடத்துவது.

[திரையில்: பழைய பத்திரம்]

அந்தப் பத்திரத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. பொதுநலன் என்று கவுண்டிக்குத் தோன்றுகிற எதற்கும் நிலத்தைப் பயன்படுத்தலாம். குத்தகைக்கு விடலாம். ஆனால் வேறு எந்த விதத்திலும் ஒருபோதும் கைமாற்றக் கூடாது. மீறினால் நிலம் மத்திய அரசுக்கே திரும்பும். அதாவது மத்திய அரசு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு நூலை மட்டும் தன் விரலில் சுற்றி வைத்துக்கொண்டது. அந்த நிலத்துக்கு அது வரி வாங்குவதில்லை, வாடகை வாங்குவதில்லை. தீவின் குடியிருப்புப் பகுதியில் அதற்கு மிச்சமிருக்கும் பெரிய உரிமை என்றால் அந்த நூல்தான்.

விற்க முடியாதா? அப்படியானால் குத்தகை. 99 வருடக் குத்தகை. நிர்வாகம் பண்ணுவதற்கு மாநிலச் சட்டத்தின்படி 1947-லேயே சாண்டா ரோசா தீவு ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள். மனை மனையாகக் குத்தகைக்குப் போனது, வீடு வந்தது, ஓட்டல் வந்தது, பறக்கும் தட்டு மாதிரி வட்டமான ஒரு வீடுகூட வந்தது. ஆமாம், நிஜமாகவே பறக்கும் தட்டு வடிவம், பென்சகோலா பீச் (தீவில் இருக்கிற குடியிருப்புப் பகுதிக்கு அதுதான் பெயர்) பக்கம் போகிற எல்லாரும் படம் எடுக்கிற வீடு. வேற்றுக்கிரகவாசியே வந்து இறங்கினாலும் அந்தத் தீவில் அவர் குத்தகைதாரர்தான்!

ஸ்ரீரங்கத்திலோ மயிலாப்பூரிலோ கோயில் இடத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அடிமனை என்று சொன்னால் போதும். மேலே இருக்கிற கட்டிடம் தாத்தா கட்டியது, கீழே இருக்கிற மண் பெருமாளுடையது. தலைமுறை தலைமுறையாக வாடகை கட்டுவார்கள், சண்டை போடுவார்கள், கோர்ட்டுக்குப் போவார்கள், ஆனால் வீட்டை விட்டு நகர மாட்டார்கள். பென்சகோலா பீச்சில் பெருமாள் இருக்கும் இடத்தில் கவுண்டி இருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. பெருமாள் தன் நிலத்தை விற்கப் பார்த்தால் அதைப் பிடுங்கிக்கொள்ள அவருக்கு மேலே யாரும் கிடையாது. கவுண்டிக்கு மேலே வாஷிங்டன் இருக்கிறது.

இப்போது கொஞ்சம் வழி தவறப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தத் துணுக்குக்காகத்தான் இந்த வீடியோவையே எடுக்க ஆரம்பித்தேன்.

[திரையில்: செங்கல் கோட்டை]

தீவின் மேற்கு முனையில் பிக்கன்ஸ் கோட்டை இருக்கிறது. 1834-இல் கட்டி முடித்த செங்கல் கோட்டை. 1886 செப்டம்பரில், பல வருடங்களாக அமெரிக்க ராணுவத்துக்குத் தண்ணி காட்டிய அப்பாச்சிப் பழங்குடி வீரர் ஜெரோனிமோ அரிசோனாவில் சரணடைந்தார். குடும்பத்தோடு சேர்த்து வைப்போம் என்ற பேச்சை நம்பித்தான் ஆயுதத்தைக் கீழே போட்டார். அவரையும் மற்ற கைதிகளையும் ரயிலில் ஏற்றிப் புளோரிடாவுக்கு அனுப்பினார்கள். எல்லாரும் போக வேண்டியது மாநிலத்தின் கிழக்குக் கரையில் இருக்கிற செயின்ட் அகஸ்டின் கோட்டைக்கு.

இங்கேதான் பென்சகோலா ஊர்ப் பெரியவர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஜெரோனிமோவை எங்கள் கோட்டைக்கு அனுப்புங்கள் என்று மனுப் போட்டார்கள்! பழிவாங்கவா, பாதுகாக்கவா? இரண்டும் கிடையாது. கூட்டம் வரும், கல்லா நிறையும் என்பதுதான் கணக்கு. மனு பலித்தது. ஆண்கள் பிக்கன்ஸ் கோட்டைக்கு, பெண்களும் பிள்ளைகளும் செயின்ட் அகஸ்டினுக்கு. குடும்பத்தோடு சேர்ப்போம் என்ற வாக்கு அத்தோடு காற்றில் போனது. அப்போது பாலம் கிடையாது. ஜனங்கள் படகில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய், சிறைப்பட்ட ஒரு மனிதரை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தார்கள். அடுத்த வருடம்தான் குடும்பங்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 1888-இல் எல்லாரையும் அலபாமாவுக்கு மாற்றினார்கள். ஜெரோனிமோ 1909-இல் இறக்கும்வரை கைதியாகவே இருந்தார், சொந்த மண்ணைத் திரும்பப் பார்க்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன்? இந்தத் தீவில் எது கிடைத்தாலும், ஒரு மனிதரே கிடைத்தாலும், அதைக் காசாக்கத் தெரிந்த ஊர் இது. அங்கே ஒரு கடற்கரை இன்னும் பொதுவில் கிடக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். என் கணிப்பில் அந்தக் காரணங்களில் முக்கியமானது வாஷிங்டனின் விரலில் இருக்கிற நூல்.

சரி, வீட்டுக்காரர்கள் பக்கத்துக்கும் வருவோம். அவர்கள் புலம்புவது சும்மா இல்லை. சொத்து வரி இருக்காது என்று நம்பித்தான் தொடக்க காலத்தில் பலர் அங்கே மனை எடுத்தார்கள். நிலம் அரசாங்கத்துடையது, குத்தகைப் பணம் கட்டினால் போதும் என்று நினைத்தார்கள். பிறகு வரித்துறை வந்தது. வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. தீவின் கிழக்குப் பக்கம் நவார் பீச் இருக்கிறது. அங்கே தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் 99 வருடக் குத்தகை வைத்திருப்பவர்களைப் பற்றி 2014-இல் புளோரிடா உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் அனுபவத்தில் நீங்கள்தான் உரிமையாளர், ஆகவே வீட்டுக்கு மட்டுமல்ல, நிலத்துக்கும் வரி கட்டுங்கள். பென்சகோலா பீச்சிலும் கட்டிடங்களுக்கு வரி உண்டு என்று தீர்ப்பானது. ஒரு பக்கம் குத்தகைதாரர் என்று கட்டணம், இன்னொரு பக்கம் உரிமையாளர் என்று வரி. யாருக்குத்தான் கோபம் வராது?

அதற்கு மருந்தாகத்தான் மசோதா வந்தது. 2017-இல் செனட்டில் மார்கோ ரூபியோ, கீழவையில் மேட் கேட்ஸ். பெயர் எஸ்காம்பியா கவுண்டி நிலக் கைமாற்றுச் சட்டம். உள்ளடக்கம் சுருக்கமானது. 1947 பத்திரத்தின் கட்டுப்பாடுகளை நீக்கிவிடுவது. கவுண்டி நிலத்தைக் கைமாற்றலாம், குத்தகைதாரர்கள் விரும்பினால் முழு உரிமைப் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம். நவார் பீச் பகுதி அதை நிர்வகிக்கிற சாண்டா ரோசா கவுண்டிக்குப் போகும். பாதுகாப்புப் பகுதி, பொதுப் பொழுதுபோக்கு இடம், கடலுக்குப் போகிற வழி, பார்க்கிங் என்று ஏற்கெனவே ஒதுக்கியதை எஸ்காம்பியா கவுண்டி நிரந்தரமாகக் காப்பாற்ற வேண்டும்.

காங்கிரஸ் எதற்கு, யாராவது அதிகாரி கையெழுத்துப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். அமெரிக்க அரசியல் சாசனத்தின் 4-வது பிரிவு, மத்திய அரசின் சொத்தைக் கைமாற்றும் அதிகாரத்தைக் காங்கிரஸிடம் கொடுத்திருக்கிறது. திரும்பி வரக்கூடும் என்ற உரிமையும் சொத்துதான். இங்கே நூலைக் கட்டியதே காங்கிரஸ் போட்ட சட்டம், அவிழ்க்கவும் சட்டம்தான் வேண்டும். இதே மாதிரி அங்கங்கே பூங்கா, ஏர்போர்ட், பழைய ரயில்பாதை என்று மத்திய அரசின் மிச்ச உரிமையை விடுவிக்கிற குட்டி மசோதாக்கள் காங்கிரஸில் வந்துகொண்டே இருக்கும். பாதி பேர் படிக்காமலேயே கை தூக்குவார்கள் என்பது என் சந்தேகம்.

இனி என் கருத்து. திட்டுவதானால் கமென்ட்டில் திட்டுங்கள், படித்துவிடுகிறேன்.

இரட்டைச் சுமைதான் பிரச்சினை என்றால், குத்தகைக் கட்டணத்தைக் குறைக்கிற இடம் கவுண்டி. அதற்குக் காங்கிரஸ் எதற்கு? முழு உரிமைப் பத்திரம் கொடுப்பது வேறு விவகாரம், அதைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க வழி கிடையாது. நிரந்தரமாகக் காப்பாற்ற வேண்டும் என்று மசோதா சொல்கிறது, நல்ல விஷயம். 20 வருடம் கழித்து ஒரு கவுண்டி நிர்வாகம் அந்தப் பார்க்கிங் இடத்தை விற்கப் பார்த்தால் என்ன ஆகும்? இன்றைக்கு மீறினால் நிலமே போய்விடும் என்ற பயம் இருக்கிறது. நூலை அறுத்த பிறகு, யாராவது வக்கீல் வைத்து வழக்குப் போட வேண்டியிருக்கும். கடலில் குளிக்க ஞாயிற்றுக்கிழமை வருகிற குடும்பமா வக்கீல் வைக்கும்?

இன்னொன்றும் உண்டு. இது புயல் அடிக்கிற தீவு. 1995-இல் ஓபல், 2004-இல் ஐவன், 2020-இல் சாலி. ஒவ்வொன்றும் மணலை வாரிக்கொண்டு போனது. அடித்துப்போன கரையைப் பொதுப்பணத்தில் திரும்பக் கொட்டி நிரப்புகிறார்கள். பொதுப்பணத்தில் நிற்கிற கரைக்குப் பக்கத்தில் பொதுமக்களுக்கு ஒரு பிடி உரிமை இருப்பது நியாயம் என்று எனக்குப் படுகிறது.

2017-இல் வந்த மசோதா அந்தக் காங்கிரஸின் காலம் முடிவதற்குள் சட்டமாகவில்லை. இந்தக் கோரிக்கைக்கு அது முதல் தோல்வியும் இல்லை, முன்பும் வந்து நின்றிருக்கிறது.

நீங்கள் கவுண்டி கமிஷனராக இருந்தால் கட்டணத்தைக் குறைப்பீர்களா, பத்திரத்தைக் கொடுப்பீர்களா? கீழே எழுதுங்கள். அடிமனையில் குடியிருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள், நீங்கள் சொல்வதைக் கேட்டு அடுத்த வீடியோ பண்ணுகிறேன். ம், இப்போது பெல் பட்டன்.