அதே வாழ்க்கை மறுபடியும், நினைவு மட்டும் அழியாம

[திரையில்: தொட்டில். மேல மெதுவா சுத்துற பொம்மைகள்.]

எழுபது வயசுல கண்ணை மூடுறீங்க. திறந்தா தொட்டில்ல கிடக்கீங்க. அதே அம்மா, அதே வீடு. போன வாழ்க்கை மொத்தமும் ஞாபகம் இருக்கு. பச்சைக் குழந்தையோட மூளை அத்தனையையும் எப்படித் தாங்கும்ங்கிறதை இப்போதைக்கு விட்டுடலாம்.

எல்லாருக்கும் முதல்ல தோணுறது பணம். எந்தப் பங்கு ஏறும்னுதான் தெரியுமே! சரி, அந்த விவரமெல்லாம் எத்தனை நாளைக்குச் செல்லும்?

[திரையில்: ஒண்ணா கிளம்பிப் பிரியுற ரெண்டு கோடுகள்.]

1961ல எட்வர்ட் லோரன்ஸ்ங்கிற வானிலை ஆய்வாளர், கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே ஓட்டின ஒரு கணக்கை நடுவுலேர்ந்து திரும்ப ஓட்டினார். அச்சடிச்ச தாள்ல இருந்தபடி 0.506னு போட்டார். மெஷினுக்குள்ள இருந்ததோ 0.506127. காபி குடிச்சிட்டு வந்து பார்த்தா, ஆரம்பத்துல பழைய கணக்கோட ஒட்டியே வந்த வானிலை, போகப் போக விலகி, சம்பந்தமே இல்லாத வானிலையா மாறியிருந்தது.

தொட்டில்ல நீங்க ஒரு தடவை கூடுதலா அழுதாலே போதும், உலகம் அப்படி விலக ஆரம்பிச்சுடும். கிரகணம் சொன்ன நேரத்துக்கு வரும். லாட்டரி நம்பர் வராது.

பணம் போனா போகட்டும். என் மனசு ஆறாத இடம் வேற. உங்க குழந்தை.

அதே துணையைத் தேடிப் பிடிச்சு, அதே நாள்ல கல்யாணம் பண்ணிக்கிறீங்கன்னே வைங்க. பல கோடி விந்தணுக்கள்ல ஒண்ணுதான் கருமுட்டையோட சேருது. ஒரு நொடி முன்னபின்ன ஆனாலும் வேற ஒண்ணு முந்திக்கும். பிறக்கிறது உங்க குழந்தைதான். ஆனா அந்தக் குழந்தை இல்லை.

[திரையில்: தூங்குற குழந்தையோட காது, ரொம்பக் கிட்டத்துல.]

உங்க விரலைப் பிடிச்சுத் தூங்கின முதல் குழந்தைக்குக் காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம் இருந்தது. இதுக்கு இல்லை. இதுமேலயும் உயிரையே வைப்பீங்க, சந்தேகமே வேண்டாம். ஆனா அதே பேரை வைக்க மனசு வருமா? அந்த மச்சத்தைப் பத்தி யார்கிட்ட சொல்லி அழுவீங்க? பெத்த அம்மாவுக்கே அப்படி ஒரு பிள்ளை இருந்தது தெரியாது.

நினைவு இருக்கேன்னு ஆறுதல் சொல்லலாம். எந்தத் தேதியைக் கேட்டாலும் அன்னைக்கு நடந்ததைச் சொல்லக்கூடிய சிலர் நிஜமாவே இருக்காங்க. 2013ல வெளியான ஆய்வுல அவங்களைச் சோதிச்சப்போ, மத்தவங்களைப் போலவே அவங்களுக்கும் நடக்காதது நடந்ததா ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் மூளை அதைப் புதுசா கட்டுது. கட்டும்போது கொஞ்சம் மாறிடுது.

மூணாவது வாழ்க்கையில உங்களுக்கே ஒரு தடுமாற்றம் வரும். மச்சம் வலது காதுலயா, இடது காதுலயா? எடுத்துப் பார்க்க ஒரு போட்டோ கூட இருக்காது.